பல்வலி அரக்கன்

"ஏப்பா, பின்னாடி எங்கண்ணன் பொணமாக் கெடக்கறாரு. உனக்குச் சிரிப்புக் கதை கேக்குதா?"

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தது அமரர் ஊர்தி. முன் சீட்டில் விஜயபாஸ்கர். பின்னால் அண்ணன் பாலனின் உடல், பக்கத்தில் அண்ணி சசிகலா. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தவரை விஜயபாஸ்கருக்கு லீவு கிடைக்கவில்லை. இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

டிரைவர் லிங்கசாமி செல்போனை அணைக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க சார். குன்னூர் போறதுக்குள்ள முடிஞ்சுருமுங்க" என்றார்.

செல்போனில் ஓடியது ஒலிப்புத்தகம். மூன்று உலகத்தையும் விழுங்க வந்த அரக்கனுக்குப் பல்வலி. கதை என்னவோ சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் வாசித்த விதம் இருக்கிறதே! ஆளுக்கொரு குரல் என்று அலட்டிக்கொள்ளாமல், வீட்டுப் பத்திரம் படிக்கிறவன் மாதிரி, துளியும் சிரிக்காமல் வாசித்துக்கொண்டே போனான் அந்த ஆள்.

'எச்சில் துப்ப அரக்கன் கடலைத் தேடினான். கடல் இரண்டு தெரு தள்ளிப் போய் நின்றுகொண்டது.'

பர்லியார் தாண்டிய வளைவில் விஜயபாஸ்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான். அண்ணனைப் பின்னால் கிடத்திவிட்டுச் சிரிக்கிறோமே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அந்தக் கோபமெல்லாம் லிங்கசாமி மேல் திரும்பியது.

"மனுசனாய்யா நீ? ஓனர்கிட்டச் சொல்லி உன் வேலைக்கே உலை வெச்சுருவேன்" என்று செல்போனைப் பிடுங்கி அணைத்தான்.

லிங்கசாமி கண்ணாடியில் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு கியரை மாற்றினார். வண்டி திணறிக்கொண்டே ஏறியது.

சற்று நேரத்தில் முதுகுப்பக்கத்துச் சின்ன ஜன்னலை யாரோ தட்டினார்கள். சசிகலாதான். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"டிரைவரைத் திட்டாதீங்க தம்பி. அது உங்கண்ணனோட செல்லு. அந்தப் புஸ்தகத்தை நான் படிச்சுக் காட்டினப்போ ஒரு தடவைகூட அவர் சிரிக்கல. செல்லுல இந்தாளு படிச்சதுக்கு, மூக்குல டியூப்போட அப்படிச் சிரிச்சாரு."

விஜயபாஸ்கர் கையிலிருந்த செல்போனைப் பார்த்தான்.

"கடைசி அத்தியாயம் கேக்காமயே போயிட்டாரு தம்பி. ஊடு போறதுக்குள்ள கேட்டு முடிக்கட்டும்னு நாந்தான் போடச் சொன்னேன்."