டாக்டர் கொடுத்த ஐந்து நிமிடம்

"உயிர் போற விஷயத்துல குரல் என்னடா குரல்? நீ என்ன கச்சேரியா பண்ணப் போறே?"

ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா கேட்ட கேள்வி இது. தம்பி வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்கிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. லேத் பட்டறையில் அவனுக்கு வைத்திருந்த பெயரே ஊமைக்கோட்டான்.

நாக்கின் அடியில் கட்டி. முதலில் பார்த்த டாக்டர், தாடையைப் பிளந்துதான் எடுக்கணும், குரல் மாறிப்போகலாம் என்றார். அவ்வளவுதான், குரல் மாறவே கூடாது என்று ஊமைக்கோட்டான் ஒற்றைக்காலில் நின்றான். ரோபோவை வைத்து வாய் வழியாகவே எடுக்கிற ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்தான். முறை வர இருபது நாள் காத்திருந்தான். அந்த இருபது நாளும் அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மூலையில் உட்கார்ந்து இயக்க, பென்சில் தடிமனில் இயந்திரக் கைகள் வாய்க்குள் போய்க் கட்டியை எடுத்துவிட்டன. முகத்தில் ஒரு கீறல் இல்லை.

எட்டாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார்.

"இன்னைக்கு அஞ்சு நிமிஷம் பேசலாம். அதுக்கு மேல வேண்டாம்."

அவர் போனதும் அக்கா போனை நீட்டினாள்.

"முதல்ல அம்மாகிட்ட பேசு."

தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். எழுதிக் காட்டுகிற சிலேட்டை எடுத்து, 'அப்புறம்' என்று எழுதினான்.

அக்காவுக்குச் சுருக்கென்றது.

அம்மா வேறு ஊரில், முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். பார்வை போய் ஆறு வருஷம். அக்கா போகும்போதெல்லாம் அதே புலம்பல்தான். "பெரியவன் தினமும் போன்ல பேசுறான். இந்தச் சின்னவனுக்குத்தான் மனசே இல்ல."

பெரியவன், அதாவது அண்ணன், விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவின் இதயம் தாங்காது என்று அவளிடம் சொல்லவில்லை. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று ஒரு கதை கட்டியாயிற்று. அவன் தினமும் பேசுகிறான் என்று அம்மா சொன்னதைக் கேட்டு, பாவம், புத்தி தடுமாறுகிறது என்று அக்கா முடிவு கட்டியிருந்தாள்.

"செத்துப்போனவன் தினமும் பேசுறதா நெனச்சுக்கிட்டிருக்காங்கடா அம்மா. உயிரோட இருக்கிற நீ ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே? இதுக்கா அந்தக் குரலைக் காப்பாத்தினே? நீ எப்பவுமே அப்படித்தான்."

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். லிஃப்ட் வரை போன பிறகுதான் மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ஊமைக்கோட்டான் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் போனை மார்பின் மேல் வைத்து ஸ்பீக்கர் போட்டிருந்தான்.

"எங்கடா போயிட்டே பெரியவனே, எட்டு நாளா ஆளையே காணோம்? குரல் ஏன் கம்முது?" அம்மாவின் குரல்.

"சளிம்மா. இங்க குளிர் ஜாஸ்தி இல்ல? நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல அங்கேயும் அடம் பிடிக்கிறியா?"

அண்ணனின் அதே கிண்டல். அதே இழுப்பு. அண்ணனுக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரே குரல். போனில் பேசினால் யார் என்று வீட்டில் எல்லோருமே குழம்புவார்கள்.

இருக்கிற ஒரே குரலில் ஒரு பிள்ளையாகத்தான் பேச முடியும். எந்தப் பிள்ளையாகப் பேசுவது என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே அவன் முடிவு செய்துவிட்டான். அது தெரியாமல் என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று அக்காவுக்கு அழுகை பொங்கி வந்தது.

"அந்தச் சின்னவன் இருக்கானா இல்லையான்னே தெரியலடா. பெத்தவ நெனப்பே கிடையாது அவனுக்கு."



"அவன் எப்பவுமே அப்படித்தாம்மா," என்று சிரித்தான் தம்பி. "விடு. அதான் நான் இருக்கேனே."