மரியபுஷ்பத்தின் பைத்தியம்

மரியபுஷ்பத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதில் கிளியூரில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ரவிக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். எதிரே வந்த கோழிக்குத் தோத்திரம் சொன்னாள். நாற்பது வயசு. பால்வாடியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை; அண்ணன் லூர்துராஜோடுதான் இருந்தாள்.

"பாவம் லூர்துராஜ்" என்றது ஊர்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த மனுஷர். பெண்சாதியைப் பறிகொடுத்தவர். ஆறு மாசமாக வேலைக்கும் போகாமல் வீட்டோடு கிடந்தார். இப்போது தங்கச்சியும் இப்படி.

ஜீப் ஓட்டுகிற பொன்னுவேல்தான் வழி சொன்னான். நாலு பேர் சேர்ந்து கட்டி ஜீப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் சேலம், அப்புறம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றான். கையோடு கயிறும் கொண்டு வந்திருந்தான்.

லூர்துராஜ் வாசலை மறித்து நின்றார். பல மாசத்துக்கு அப்புறம் அவர் குரல் தெருவுக்குக் கேட்டது.

"அவ மேல யாரும் கை வெக்கக் கூடாதுங்க."

அந்தச் சமயம் பார்த்து ஊர் ஊராகப் போகிற சர்க்கார் நர்ஸ் இன்பமேரி வந்து சேர்ந்தாள். இந்த 1993-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, முன்னே மாதிரி கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிட முடியாது என்றாள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இல்லையென்றால் நோயாளியே மனசாரக் கையெழுத்துப் போட்டுச் சேரலாம். வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிட வேண்டும்.

பொன்னுவேல் சிரித்தான். பைத்தியம் போய்த் தனக்குப் பைத்தியம் என்று கையெழுத்துப் போடுமா என்று கேட்டான். கூட்டமும் சிரித்தது.

இடுப்பில் கோழியோடு நின்றிருந்த மரியபுஷ்பம் வாயைத் திறந்தாள்.

"நான் போறேனுங்க. ஆனா அண்ணன் கூட வரணும். டாக்டர் என்னைக் கேக்கறதையெல்லாம் அண்ணனையும் கேக்கணும்."

பிறகு லூர்துராஜ் பக்கம் திரும்பி, அவருக்கு வர இஷ்டமா என்று கேட்டாள். அவர் வாசலை விட்டு நகர்ந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கோழியை இன்பமேரி வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

மலைப்பாதையின் இருபது வளைவும் இறங்கி முடிகிறவரை மரியபுஷ்பம் பைத்தியமாக இருக்க மறந்தே போனாள். அண்ணனுக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளோடு ஐந்து நிமிஷம் பேசினார். லூர்துராஜோடு ஒன்றரை மணி நேரம்.

மரியபுஷ்பம் வெளியே பெஞ்சில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மாரமங்கலத்தில் இருந்தபோது, பெண்சாதியை அடக்கம் பண்ணின கையோடு லூர்துராஜுக்கு மனசு பேதலித்தது. சொந்தக்காரர்கள்தான் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மணிக்கட்டுக் காயம் ஆற ஒரு மாசம் ஆனது. அதற்கப்புறம் டாக்டர் என்ற பேச்சு எழுந்தாலே கதவைச் சாத்திக்கொள்வார். இந்த ஆறு மாசமாக மறுபடியும் தூக்கமில்லை, சோறில்லை. பெண்சாதி கூப்பிடுகிறாள் என்று அருவிப் பாறை விளிம்புவரை போய் நிற்கிறார். டாக்டரிடம் போகலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான், இன்பமேரியோடு கலந்து பேசி, மரியபுஷ்பம் குடையையும் கோழியையும் கையில் எடுத்தாள்.

கதவு திறந்தது. வைத்தியம் உங்கள் அண்ணனுக்குத்தான் தேவை, அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன் என்றார் டாக்டரம்மா. பதினைந்து நாள் தங்கச் சம்மதித்து அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

மரியபுஷ்பம், கூடவே வெளியே வந்த அண்ணன் கையைப் பிடித்தாள். ஏமாற்றிக் கூட்டி வந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள்.

லூர்துராஜ் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"நீ நடிக்கறேன்னு மொத நாளே எனக்குத் தெரியும் கண்ணு. நடிப்பு நொம்ப மோசம்."

"அப்புறம் எதுக்குங்கண்ணா வந்தீங்க?"

"போன தடவை எட்டுப் பேரு வந்து என்னைத் தூக்கினாங்க. ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. நீ ஒருத்திதான் கேட்டே."