எல்லா இணைப்புகளும் வந்திருந்தன

உறையைப் பிரித்துப் பார்த்தாள்.

கடிதம் இருந்தது. வரைபடம் இருந்தது. பணி நிறைவுச் சான்று இருந்தது, அதன் நகலும் இருந்தது. பாலத்தின் புகைப்படம்கூட இருந்தது.

மறுபடி பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை.

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

சட்டப்பேரவையில் ஓர் அமைச்சர் எழுந்து, பாலம் கட்டித் தரப்படும் என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. சொன்னவர் மறந்துபோகலாம். ஆட்சியே மாறிப்போகலாம். ஆனால் பேரவைச் செயலகத்தின் ஒரு மூலையில் உறுதிமொழிக் குழுப் பிரிவு என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்தது என்று துறை எழுதித் தரும்வரை விடாது. என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் கேட்கிற வேலைதான் சுபத்ராவுக்கு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்பாள். மற்றவர்களுக்கு எழுதினால் கிணற்றில் போட்ட கல். இந்தப் பாலத்துக்கு மட்டும் கேட்ட வாரமே பதில் வரும். திருநெல்வேலிப் பக்கத்தில், பாலம் கட்டுவதற்கென்றே திறந்த ஒரு சின்ன அலுவலகம். அங்கே இசக்கியப்பன் என்று ஓர் உதவியாளர். அடித்தல் திருத்தல் இல்லாத கடிதம். கீழே, இணைப்பு காண்க என்று இருக்கும்.

இணைப்பு இருக்காது.

அவள் போன் செய்வாள். இணைப்பு வரவில்லை என்பாள். விட்டுப்போச்சா என்று அவர் வருத்தப்படுவார். அதற்கப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். ஆற்றில் வெள்ளம் வந்து தூண் வேலை நின்றது. ஒப்பந்தக்காரர் சொல்லாமல் கிளம்பிப்போனது. மனைவி போன பிறகு தனிச் சமையல், ரசம் வைத்தால் மறுநாளைக்கும் அதுதான் என்பது. அவளும் சொல்வாள். தம்பி வீட்டு மாடி அறை, அதில் வெயில், அதில் தான் ஒருத்தி.

முதல் வருடம் மறதி என்று நினைத்தாள்.

இரண்டாம் வருடம் புரிந்தது. வெற்றுத் தாளுக்கும் பக்க எண் போடுகிற மனிதருக்கு ஒவ்வொரு முறையுமா மறதி வரும்? புரிந்ததை அவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை ஒழுங்காக வந்துவிடுமே.

கைப்பேசி எண்ணை அவர் கேட்டதில்லை. அவளும் கொடுத்ததில்லை. அரசாங்கப் போனில் பேசினால் அரசாங்க வேலை. பக்கத்து மேசைக்கும் பதில் உண்டு, தன் மனசுக்கும் பதில் உண்டு.

ஒரு பாலம் முடியக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள் ஊர் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அப்போதெல்லாம் அக்கரைப் பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்குவது நினைவுக்கு வரும். அவர் சொன்னதுதான். வெட்கமாக இருக்கும்.

இப்போது முடிந்துவிட்டது.

பணி முடிவுற்றதால் இவ்வலுவலகம் இம்மாத இறுதியுடன் மூடப்படுகிறது என்று கடைசி வரி சொன்னது. இன்றுதான் மாதக் கடைசி. நாளைக்கு அங்கே மணி அடித்தால் எடுக்க ஆள் இருக்காது. அவரை எந்த ஊருக்குத் தூக்கிப்போட்டார்கள் என்று கேட்க எந்த விதியிலும் இடமில்லை.

பிரிவு அலுவலர் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பாலம் முடிஞ்சுதா சுபத்ரா? நல்லது. ஒரு தொல்லை விட்டுது."

விளக்கம் ஒன்று கேட்கலாம். செயலகத்தில் கேள்விக்கா பஞ்சம்? படத்தில் தேதி இல்லை என்று எழுதினால் போதும், இன்னும் மூன்று மாதம் ஓடும். பேனாவை எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

உறுதிமொழி நிறைவேற்றப்பட்டது, கோப்பை முடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு படத்தைக் கையில் எடுத்தாள்.

புதுப் பாலம். மேலே கூட்டம். மாலை போட்ட ஒருவர், தலையில் துண்டு கட்டிய நாலைந்து பேர், ஒரு மீசைக்காரர், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். இத்தனை வருடமாகக் கேட்ட குரலுக்கு இதில் எந்த முகம்? ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

போனை எடுத்தாள்.

"எல்லா இணைப்பும் வந்துடுச்சு சார்."

வந்துவிட்டது என்று சொல்ல அந்த அலுவலகத்துக்கு யாரும் போன் செய்ததில்லை.

"அப்பம் எதுக்கு மேடம் கூப்பிட்டீங்க?" கேட்டவர் குரல் இறங்கியிருந்தது.

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இம்முறை அவருக்குச் சொல்ல அவளிடம் பதில் இல்லை. தன் மனசுக்குச் சொல்லவும் இல்லை.

"படத்துல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு தெரியல."

"நான் அதுல இல்லையே. எடுத்தது நான்லா."

அவள் படத்தைப் பார்த்தாள். மாலைக்காரர், துண்டுக்காரர்கள், மீசை, கண்ணாடி எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

"உங்க ஊருக்கு இங்கேருந்து எந்த வண்டி வசதி சார்?"

அவர் வண்டியின் பெயரைச் சொன்னார்.

கொஞ்சம் பொறுத்து, அவள் கேட்காமலே, அது வந்து சேரும் நேரத்தையும் சொன்னார்.