சங்கிலியின் நீளம்

புகார் கொடுத்த எதிர்வீட்டுக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டேதான் தனபாலன் கேட்டைத் திறந்தான். வந்திருந்த விலங்குநல ஆய்வாளர் செல்வமேரி நேராகச் சுவரோரம் கட்டியிருந்த நாயின் அருகே போனாள்.

“நாய்க்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்களா மேடம்? நல்லா அளந்து பாருங்க. சங்கிலி பன்னெண்டு அடி. சட்டம் எங்களுக்கும் தெரியும்.”

சங்கிலி பளபளத்தது. ஆய்வுக்கு ஆள் வருவது தெரிந்து, அன்று காலையில்தான் பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டியிருந்தான். செல்வமேரி டேப்பைக் கையில் எடுத்தாள். ஆனால் சங்கிலியை அளக்கவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி முற்றத்தின் நடுவில் வைத்தாள். நாய் துள்ளி எழுந்து ஓடிவந்தது. பாதி தூரம்கூட வராமல் தானாக நின்றது. சங்கிலி அதன் பின்னால் தளர்ந்து சுருண்டு கிடந்தது. நாய் கழுத்தை மட்டும் முடிந்தவரை நீட்டி, தண்ணீர் இருந்த பக்கமாகக் காற்றை நக்கியது.

“போய்க் குடிடா, சனியனே! அதான் எட்டுதுல்ல!” தனபாலன் கத்தினான்.

நாய் அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. செல்வமேரி குனிந்து, சுவரிலிருந்து அதன் கழுத்துவரை டேப்பை இழுத்தாள்.

“மூணு அடி” என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டாள்.