முன்னால் நிற்கும் தொப்பி

"அந்தத் தொப்பிய என் கண்ணு முன்னாலேருந்து நகர்த்தினாதான் நாளைக்கு நான் தண்ணியில இறங்குவேன், கெயில்."

காது மெஷினைத் துடைத்து மாட்டிக்கொண்டே வில்மா பொரிந்து தள்ளினாள்.

அரிசோனாவின் அந்த முதியோர் குடியிருப்பில், நீச்சல் குளத்து உடற்பயிற்சி வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. சொல்லிக்கொடுப்பவள் கெயில். தொப்பிக்காரி டோரீன், வில்மாவின் எதிர் வீட்டுக்காரி.

பூசணிப்பூ நிறம். அதன் மேல் துருத்திக்கொண்டு நிற்கும் ரப்பர் பூக்கள். வில்மா எந்த மூலைக்குப் போனாலும் அந்தத் தொப்பி மிதந்து வந்து அவளுக்கு நேர் முன்னால் நின்றுவிடும். போதாததற்கு டோரீன் கையை வீசுவதும் காலைத் தூக்குவதும் ஊரையே கூட்டுகிற மாதிரி இருக்கும்.

"அவளால உன்னையே எனக்குத் தெரியல. வேணும்னே பண்றா."

கெயில் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். "சரி, உங்க இஷ்டம். நாளைக்கு அவங்கள அந்தக் கோடிக்கு அனுப்பிடறேன்."

வில்மாவுக்கு இந்த வகுப்புதான் உயிர். இதில் தடுமாறுகிறவர்களை, நாற்காலியில் உட்கார்ந்து கை அசைக்கும் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். மேபெல்லை அப்படித்தான் மாற்றினார்கள். அடுத்த மாதமே அவள் மகன் வந்தான். அம்மாவால் இனி தனியாக இருக்க முடியாது என்று வீட்டைக் காலி செய்து, நர்ஸுகள் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தில் சேர்த்துவிட்டுப் போனான். வில்மாவின் மகளும் போன் செய்யும்போதெல்லாம் அந்தப் பேச்சைத்தான் எடுக்கிறாள்.

மறுநாள் டோரீன் மறு கோடியில் நின்றாள். வில்மாவின் முன்னால் வெறும் தண்ணீர். அப்பாடா என்றிருந்தது.

வகுப்பு தொடங்கியது. கெயில் கையைத் தட்டி என்னவோ சொன்னாள். வில்மாவுக்கு 'ஙொய்' என்ற இரைச்சல்தான் கேட்டது. மெஷின் தண்ணீருக்கு ஆகாது, லாக்கரில் இருந்தது. என்றைக்கும் அங்கேதான் இருக்கும். அப்படியானால் இத்தனை நாள் எப்படிச் செய்தோம்?

எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள். வில்மா வலது பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற வென்டல் கிழவர் மேல் மோதினாள். அடுத்து எல்லோரும் பின்னால் நடக்க, இவள் முன்னால் நடந்தாள். கெயில் இவள் பக்கமே பார்த்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. நாற்காலி, நர்ஸ், கட்டடம் என்று மனம் ஓடியது.

அப்போது குளத்தின் குறுக்கே அந்தப் பூசணிப்பூத் தொப்பி வந்து அவள் முன்னால் நின்றது. டோரீனின் வலது கை உயர்ந்தது. வில்மாவின் வலது கையும் தானாக உயர்ந்தது.

உடை மாற்றும் அறையில் மெஷினை மாட்டிக்கொண்டதும் வில்மா டோரீனிடம் கேட்டாள். "எனக்குக் கேக்காதுன்னு எப்பலேருந்து தெரியும்?"

"நீ சேர்ந்த அன்னிக்கே. கெயில் உன்ன நாற்காலிக்கு மாத்தறேன்னா. நான் முன்னால நின்னுக்கறேன், உன்கிட்ட எதுவும் சொல்ல வேணாம்னேன்."

வில்மா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காக இப்படி ஒரு தொப்பியா போடுவே?"

டோரீன் தொப்பியைக் கழற்றி உதறினாள்.

"எனக்கென்ன ஆசையா? நீ கண்ணாடியையும்தானே கழட்டி வச்சிட்டு இறங்கறே. கடையில இருந்ததுலயே உனக்குத் தெரியற மாதிரி இது ஒண்ணுதான் இருந்துச்சு."