துடைத்த திரை

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் போட்டுவைத்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் லினக்ஸ் கணினியில், ரிப்போர்ட் அடிக்கும் ஜாவா புரோகிராம் இந்த வாரம் மூன்றாவது முறையாகப் படுத்துவிட்டது. 'லைப்ரரியைக் காணோம்' என்று, அது ஓடத் தேவையான துணைக் கோப்பைக் கேட்டுத் திரையில் ஒரே புலம்பல். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ரத்தம் கொடுத்தவர்கள் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறார்கள். "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று சிஸ்டம்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். டெக்னீஷியன் தள்ளி நிற்கிறாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அவருடைய அகலமான முதுகு பாதித் திரையை மறைக்கிறது. விரல்கள் ஒரு நீண்ட வரியைப் படபடவென்று அடிக்கின்றன; புரோகிராம் சமர்த்தாக எழுந்து உட்கார்கிறது. "என்ன சார் போட்டீங்க? நீங்க லீவுல போனா நாங்க என்ன செய்யறது?" "அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதும்மா." சொல்லிக்கொண்டே திரையில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் துடைத்துவிட்டு எழுகிறார். நல்லது செய்தவர் எதற்குத் தடயத்தை அழிக்க வேண்டும்? செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்து, முன்பு அடித்த வரிகளைத் திரும்பக் கொண்டுவரும் மேல்நோக்கிய அம்புக்குறியை அவள் அழுத்துகிறாள். இன்னொரு முறை அழுத்துகிறாள். அந்த நீண்ட வரி அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. லைப்ரரி இருக்கும் இடம் அதிலேயே எழுதியிருக்கிறது: எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருக்கவேண்டியது, அவருடைய சொந்த ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கிறது. வாசலில் மறுபடி செருப்புச் சத்தம். மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பியிருக்கிறார். "என்னம்மா, இன்னும் ஏதாவது காணோமா?" பிரிண்டர் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருக்கிறது. "இல்ல சார்" என்கிறாள், திரையை மறைக்காமல். "காணாமப் போனது கிடைச்சிடுச்சு."