ஆபீஸ் வேலை மட்டும்

“உண்மையைச் சொல்லுங்க சார். ஓவர்க்ளாக் பண்ணீங்களா?”

தில்லி நேரு ப்ளேஸ் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் மூன்றாவது மாடியில் இருந்த அந்த சர்வீஸ் சென்டரில், கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்து ஜெயகிருஷ்ணன் கேட்டார். அதுவரை இந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தார். படிவத்தில் ‘ப்ரசன்னா ராஜகோபால், துவாரகா’ என்று பார்த்ததும், “அச்சா, நம்ம ஆளா! நான் ஆர்.கே.புரத்துலயே பொறந்து வளர்ந்தவன் சார்” என்று தமிழுக்குத் தாவிவிட்டார்.

ப்ரசன்னாவுக்கு அதுதான் இடைஞ்சலாகப் போயிற்று. இந்தியில் பொய் சொல்வது அவனுக்கு இன்னும் கொஞ்சம் சுலபம்.

“சேச்சே! அதெல்லாம் என்னன்னே எனக்குத் தெரியாது சார்.”

தெரியாதாவது! கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கம்ப்யூட்டரை விரட்டுவதற்குப் பெயர்தான் ஓவர்க்ளாக். அதை ப்ரசன்னாவைப்போல் பக்குவமாகச் செய்தவன் தில்லியிலேயே இருக்கமாட்டான். வேகத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டினான். கூட்டிய ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் ஓட்டிச் சோதித்தான். வோல்டேஜை ஓர் எல்லைக்கு மேல் தொட்டதே இல்லை. சூடு எண்பது டிகிரியை நெருங்கினாலே இறக்கிவிடுவான். மே மாதம் வெளியே அனல் அடித்தபோது பழைய வேகத்துக்கே கொண்டுவந்து, கம்ப்யூட்டருக்குக் கோடை விடுமுறை கொடுத்தான். ஃபேனில் படிந்த புழுதியை மாதம் தவறாமல் பிரஷ்ஷால் தட்டினான்.

இப்படிப் பதினான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் கேம் ஆடினான். போன வியாழக்கிழமை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மதர்போர்டு மூச்சை நிறுத்திக்கொண்டது.

ஓவர்க்ளாக் என்று வாயைத் திறந்தாலே வாரன்டி போச்சு என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்ததை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான்.

“சரி, கேமாவது ஆடுவீங்களா?” என்றார் ஜெயகிருஷ்ணன்.

“கேமா? முப்பத்தாறு முடிஞ்சாச்சு சார் எனக்கு!”

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். புசா ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் மாதங்கிக்கு கேம் என்றாலே ஆகாது. வகுப்பில் பிள்ளைகள் போனில் ஆடினால் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவள். ஆபீஸ் லேப்டாப் வேகம் போதவில்லை என்று அவளிடம் சொல்லித்தான் இந்தக் கம்ப்யூட்டரையே வாங்கியிருந்தான். ‘பாவம், ரெண்டு நாளா இவர் வேலையே நின்னுபோச்சு’ என்று, சனிக்கிழமை லீவையும் விட்டுவிட்டு, மதர்போர்டு பெட்டியை மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“இவருக்கு அதுக்கெல்லாம் நேரமேது சார்?” என்றாள் மாதங்கி. “நான் ஸ்கூல்லேர்ந்து வரும்போதே கதவைச் சாத்திண்டு வேலை பண்ணிண்டிருப்பார். ஞாயித்துக்கிழமைகூட ஒழியாது. ஹெட்போனை மாட்டிண்டு, ‘பீச்சே தேக்கோ, பின்னாடி பாரு’ன்னு டீம்ல யாரையோ பார்த்துக் கத்துவார். முன்னாடி பண்ணின வேலையைச் சரிபார்க்கச் சொல்றார் போலிருக்கு. சரியா பண்ணாதவாளை வெச்சுண்டு எத்தனை கஷ்டப்படறார் பாருங்கோ.”

ஜெயகிருஷ்ணன் குனிந்து படிவத்தில் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது மீசை லேசாகத் துடித்தது.

“சார், நானும் வீட்டுல ஆடறவன்தான். என் மெஷினையும் ஓவர்க்ளாக் பண்ணித்தான் வெச்சிருக்கேன். கூச்சப்படாம சொல்லுங்க. அதுக்காகவும் கொஞ்சம் உபயோகிச்சிருப்பீங்க இல்ல?”

டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு விஷயத்தைக் கறக்கிற போலீஸ்காரர்களைப் பற்றி ப்ரசன்னா கேள்விப்பட்டிருந்தான். உஷாரானான்.

“ஒரு நாள்கூட இல்லை சார். ஆபீஸ் வேலை மட்டும்தான். வேணும்னா எழுதியே தர்றேன்.”

“ஐயோ, எழுதியெல்லாம் தர வேணாம்...”

“இல்லை, குடுங்க.”

கவுன்டரில் கிடந்த பேனாவை எடுத்தான். ‘வாங்கிய நாள் முதல் ஆபீஸ் வேலைக்கு மட்டுமே பயன்படுத்தினேன்’ என்று ஆங்கிலத்தில் அழுத்தி எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டான். பெரிய கண்டம் ஒன்றைத் தாண்டிவிட்டது போலிருந்தது.

ஜெயகிருஷ்ணன் அந்தக் காகிதத்தை எடுத்து ஒரு தடவை படித்தார்.

“சார், உங்க மேல ஒரு தப்பும் இல்லை. நீங்க வாங்கின மாசம் எங்க ஃபாக்டரியிலேர்ந்து வந்த போர்டு எல்லாத்துலயும் ஒரே கோளாறு. புதுசு மாத்திக் குடுக்கறோம், உங்களுக்கும் உள்ளே எடுத்து வெச்சாச்சு. கேம் ஆடறவங்க ஓவர்க்ளாக் பண்றதுக்குன்னே செஞ்ச போர்டு சார் இது. அதுக்கு வாரன்டி உண்டு. வீட்டு உபயோகத்துக்குன்னு விக்கிறது, ஆபீஸ் வேலைக்குத்தான் கிடையாது. வாரன்டி கார்டுல பின்பக்கம் போட்டிருக்கே, படிக்கலையா? அதான் அத்தனை தடவை கேட்டேன்.”

ப்ரசன்னாவின் முகம் வெளிறியது. ஜெயகிருஷ்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காகிதத்தை மெல்ல அவன் பக்கமாகத் தள்ளினார்.

“இன்னும் சிஸ்டத்துல ஏத்தலை. மாத்திச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார்.”

ப்ரசன்னா வாயைத் திறந்தான். அதற்குள் மாதங்கி, முகமெல்லாம் பெருமையாக, முந்திக்கொண்டாள்:

“நன்னாயிருக்கே சார் நீங்க கேக்கறது! ஆஃப்டர் ஆல் ஒரு போர்டுக்காக இவர் பொய் சொல்லுவாரா?”